நாடு கடத்தப்பட்ட ஆங்கிலேய ஆசிரியர்

பம்பாய் அரசு 1919 ஏப்ரல் 26-ம் தேதி ஓர் ஆங்கிலேயரை இந்தியாவிலிருந்து நாடு கடத்தியது. 'பாம்பே கிரானிக்கிள்' நாளேட்டின் ஆசிரியரான பெஞ்சமின் கை ஹார்னிமன்தான் அவர். ஒருசார்பாக எழுதி மக்களைத் தூண்டிவிட்டார் என்பதே அவர் மீதான குற்றச்சாட்டின் சாரம்.

இங்கிலாந்தின் சஸ்ஸெக்ஸ் பகுதியில் 1873-ல் பிறந்த ஹார்னிமன், 'மான்செஸ்டர் கார்டியன்' உள்ளிட்ட ஏடுகளில் பணியாற்றிவிட்டு 1906-ல் கல்கத்தா 'ஸ்டேட்ஸ்மன்' ஏட்டுக்கு வந்தார். பம்பாயில் 'டைம்ஸ் ஆஃப் இந்தியா' ஐரோப்பியர்களின் குரலாகவே ஒலிக்கிறது என்று கருதிய பெரோஸ்ஷா மேத்தா, 1913-ல் 'பாம்பே கிரானிக்கிள்' ஏட்டைத் தொடங்கியபோது ஆசிரியர் பொறுப்பை இவரிடம் ஒப்படைத்தார்.

தம்முடைய சார்பை ஹார்னிமன் ஒருபோதும் மறைத்ததில்லை. அன்னி பெசன்டின் ஹோம் ரூல் இயக்கத்தில் பொறுப்பு வகித்தார். ரௌலட் சட்டத்தை எதிர்த்து 1919-ல் காந்தியடிகள் தலைமையில் சத்தியாகிரக சபை அமைந்தபோது அதன் துணைத் தலைவரானார். தாம் செய்தி வெளியிடும் இயக்கத்திலேயே ஓர் ஆசிரியர் பதவி வகிப்பதை இன்றைய இதழியல் வகுப்பறைகள் ஏற்காது. அன்றும் பலர் ஏற்கவில்லை.

சோதனை தில்லியிலிருந்து வந்தது. அந்த ஆண்டு மார்ச் 30-ம் தேதி ரௌலட் சட்டத்தை எதிர்த்துக் கடையடைப்பு நடந்தது. ரயில் நிலையப் பகுதியிலும் சாந்தினி சௌக்கிலும் துப்பாக்கிச் சூடு நடத்தப்பட்டது, பலர் மாண்டனர். உடலுக்குள் சிதறி விரியும் தோட்டாக்களைத் துருப்புகள் பயன்படுத்தியதாக எழுந்த குற்றச்சாட்டுக்கு ஹார்னிமன் தமது ஏட்டில் இடம் தந்தார் என்று, இந்தியா மந்திரி மாண்டேகு பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் பின்னர் குறை கூறினார். கொந்தளிப்பான நேரத்தில், சரிபார்க்காமல் அச்சேறினால் மேலும் ரத்தம் சிந்த வைக்கக்கூடிய குற்றச்சாட்டு அது. ஹார்னிமனைப் போற்றுவோர் பெரும்பாலும் இதைக் கடந்து சென்றுவிடுகின்றனர்.

ஆனால், நடுநிலை பேசிய தரப்பு செய்தது என்ன? ஏப்ரல் 13-ல் ஜாலியன்வாலா பாக் படுகொலை நிகழ்ந்தது. பஞ்சாப் ராணுவச் சட்டத்தின் கீழ் வந்தது. தணிக்கை இறுகியது, அரசுக் குறிப்புகளே செய்திகளாயின. மாண்டவர்கள் 379 பேர் என்று ஹண்டர் குழு பதிவு செய்தது. காங்கிரஸ் குழுவின் மதிப்பீடோ ஏறத்தாழ ஆயிரம். சுடச்சொன்ன டயருக்காக 1920-ல் லண்டன் 'மார்னிங் போஸ்ட்' ஏடு 26,000 பவுனுக்கும் மேல் நிதி திரட்டித் தந்தது. அந்த ஏட்டின் மீது எவரும் ஒருசார்பு வழக்கு தொடுக்கவில்லை.

நிதானமாக எழுதியவர்களும் தப்பவில்லை. லாகூர் 'டிரிப்யூன்' ஆசிரியர் காளிநாத் ராய், பஞ்சாப் அரசின் போக்கை விமர்சித்ததற்காக ராணுவச் சட்ட நீதிமன்றத்தால் இரண்டாண்டுச் சிறைத் தண்டனைக்கு ஆளானார். அவருடைய எழுத்தில் தூண்டுதல் ஏதுமில்லை என்று காந்தியடிகள் வாதாடினார். தண்டனை மூன்று மாதமாகக் குறைக்கப்பட்டது.

ஹார்னிமன் வெளியேற்றப்பட்டதும் முன்தணிக்கைக்கு உள்ளான 'கிரானிக்கிள்' சில காலம் நின்றது. 'யங் இந்தியா' ஏட்டைக் காந்தியடிகள் ஏற்று நடத்தத் தொடங்கியது அந்த இடைவெளியில்தான். அரசு எதிர்பாராத விளைவு இது. லண்டன் சென்ற ஹார்னிமனும் அடங்கவில்லை. அமிர்தசரஸ் படுகொலையின் படங்களை அவர் ரகசியமாக எடுத்துச் சென்றார் என்று பரவலாகச் சொல்லப்படுகிறது. பஞ்சாப் கொடுமைகளை பிரிட்டிஷ் வாசகர்களுக்கு விளக்கி 1920-ல் ஒரு நூலும் எழுதினார்.

தாயகத்தில் இருக்க அவருக்கு மனமில்லை. பயண ஆவணத்தில் இருந்த ஓட்டையைப் பயன்படுத்தி 1926 ஜனவரியில் தென்னிந்தியா வழியாகத் திரும்பிவந்து மீண்டும் பேனாவைப் பிடித்தார். 1933 முதல் 12 ஆண்டுகள் 'பாம்பே சென்டினல்' மாலை ஏட்டின் ஆசிரியராக இருந்தார். பரபரப்புக்குப் பெயர்போன 'பிளிட்ஸ்' வார ஏட்டை 1941-ல் ஆர்.கே. கரஞ்சியா தொடங்கியபோதும் துணை நின்றார்.

நாடு விடுதலை பெற்ற மறு ஆண்டு, 1948-ல் ஹார்னிமன் காலமானார். பம்பாய் கோட்டைப் பகுதியில் ஆளுநர் எல்பின்ஸ்டன் பெயரைத் தாங்கியிருந்த வட்டச் சதுக்கத்துக்குப் பின்னர் அவருடைய பெயர் சூட்டப்பட்டது.