வைஃபை சுவரைத் தாண்டுமா? 130 ஆண்டுக்கு முன்பே சோதித்துப் பார்த்த ஜெகதீஷ் சந்திர போஸ்

கார்த்திகை தீபத்தன்று திருவண்ணாமலை மலை உச்சியில் ஏற்றப்படும் சுடர் பல கிலோமீட்டர் தூரத்துக்குத் தெரியும். ஆனால், மாடவீதி லாட்ஜ் அறைக்குள் உட்கார்ந்திருப்பவருக்குத் தெரியாது. நடுவில் ஒரு சுவர் இருந்தால் போதும். அதே அறைக்கு ரிசப்ஷனில் இருக்கும் வைஃபை மட்டும் எப்படியோ வந்துவிடுகிறது.

இத்தனைக்கும் தீபத்தின் ஒளி, வைஃபை இரண்டுமே மின்காந்த அலைகள்தான். வித்தியாசம் அலையின் நீளத்தில் இருக்கிறது. போனில் ஒரே லாட்ஜின் பெயர் இரண்டு முறை வருவதும் இதனால்தான். பின்னால் '5ஜி' என்று இருப்பது மொபைல் 5ஜி அல்ல. 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை. இன்னொன்று 2.4 கிகாஹெர்ட்ஸ். எந்த வேலைக்கு எந்த அலை என்ற இந்தக் கேள்வியை 1890-களிலேயே கல்கத்தாவில் ஒருவர் சந்தித்தார்.

சம்பளம் வாங்காத பேராசிரியர்

ஜெகதீஷ் சந்திர போஸ் 1858 நவம்பர் 30 அன்று, இன்றைய வங்கதேசத்தில் உள்ள மைமன்சிங்கில் பிறந்தார். அப்பா அரசு அதிகாரி. இருந்தாலும் மகனை முதலில் வங்க மொழிப் பள்ளியில்தான் சேர்த்தார். லண்டனில் மருத்துவம் படிக்கப் போன போஸ், உடல்நலக் குறைவால் அதை விட்டுவிட்டு கேம்பிரிட்ஜில் அறிவியல் படித்தார்.

ஊர் திரும்பியதும் கல்கத்தா பிரசிடென்சி கல்லூரியில் வேலை கிடைத்தது. அங்கே இந்தியர்களுக்கு ஐரோப்பியர் வாங்கும் சம்பளத்தில் மூன்றில் இரண்டு பங்குதான். போஸுக்குத் தற்காலிகப் பணி என்பதால் அதிலும் பாதி. வீட்டில் அப்பாவுக்குக் கடன் கழுத்தை நெரித்த நேரம் அது. ஆனாலும் அந்தச் சம்பளத்தைத் தொட மாட்டேன் என்று மூன்று ஆண்டுகள் சும்மாவே பாடம் நடத்தினார். கடைசியில் நிர்வாகம் இறங்கிவந்து, முழுச் சம்பளத்தையும் நிலுவையோடு கொடுத்தது. கடனும் அடைந்தது.

5 மில்லிமீட்டர் அலை

மின்காந்த அலைகள் உண்மையிலேயே இருக்கின்றன என்பதை 1880-களின் இறுதியில் ஜெர்மனியின் ஹெர்ட்ஸ் நிரூபித்தார். அவர் பயன்படுத்திய அலை சுமார் 66 சென்டிமீட்டர் நீளம். அதைத் திருப்பவும் வளைக்கவும் ஆளுயரத் தகடுகளும், அரை டன்னுக்கு மேல் எடையுள்ள தார் முப்பட்டகமும் தேவைப்பட்டன.

போஸிடம் இருந்ததோ ஒரு சின்ன அறை. அதனால் அலையைச் சின்னதாக்கினார். 25 மில்லிமீட்டரிலிருந்து 5 மில்லிமீட்டர் வரையிலான அலைகளை உருவாக்கினார். அலை குறுகியதும் கருவிகள் எல்லாம் மேஜைமேல் அடங்கின. ரயில்வே கால அட்டவணைப் புத்தகத்தின் பக்கங்களுக்கு நடுவே உலோகத் தாள்களைச் செருகிக்கூட ஒரு கருவி செய்தார். இந்த அலைகள் ஒளியைப் போலவே நடந்துகொள்வதை அவரால் காட்ட முடிந்தது.

1895-ல் கல்கத்தா டவுன் ஹாலில் பொதுமக்கள் முன்னிலையில் ஒரு சோதனை. கம்பி எதுவும் இல்லாமல், சுவருக்கு அந்தப் பக்கம் மணி ஒலித்தது, வெடிமருந்து வெடித்தது. 1897 ஜனவரியில் லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனிலும் இந்த ஆய்வை விளக்கினார்.

தூரமா, நுட்பமா?

அதே காலத்தில் மார்க்கோனி எதிர்த்திசையில் போனார். அவருக்குத் தேவை தூரம். நூற்றுக்கணக்கான மீட்டர் நீளமுள்ள அலைகளைக் கையில் எடுத்து, 1901-ல் அட்லாண்டிக் கடலைத் தாண்டினார். 1909-ல் நோபல் பரிசும் பெற்றார். போஸுக்குத் தொழில் தொடங்கவோ காப்புரிமை வாங்கவோ ஆர்வம் இல்லை. நண்பர்கள் வற்புறுத்தியதால் 1904-ல் ஒரே ஒரு அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது. அதையும் அவர் பயன்படுத்திக்கொள்ளவில்லை. பிறகு தாவரங்களின் உணர்வு பற்றிய ஆய்வுக்குத் திரும்பினார், 1917-ல் தன் பெயரில் ஆய்வு நிறுவனம் தொடங்கினார். 1937 நவம்பர் 23 அன்று கிரிதியில் காலமானார்.

அவர் விட்டுப்போன அலைகளை உலகம் பல பத்தாண்டுகள் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. 5 மில்லிமீட்டர் அலை என்பது இன்றைய கணக்கில் 60 கிகாஹெர்ட்ஸ். 2012-ல் வெளியான 'வைகிக்' என்ற அதிவேக வைஃபை தரம் அந்த அலைவரிசையில்தான் இயங்குகிறது. அதே ஆண்டு ஐஇஇஇ அமைப்பும் போஸின் சோதனைகளை மைல்கல்லாக அறிவித்தது.

எதைத் தேர்வு செய்வது?

போஸின் அலை சுவரைத் தாண்டியதே, பிறகென்ன பிரச்சினை? மணி அடிக்க அலையில் துளி வந்து சேர்ந்தால் போதும். வீடியோ ஓட அப்படி முடியாது. சிக்னல் வலுவாக வர வேண்டும். பொதுவாக அலை குறுக குறுக வேகத்துக்கு இடம் கூடும், சுவரைத் தாண்டும் பலம் குறையும்.

2.4 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் சுமார் 12.5 சென்டிமீட்டர். இரண்டு சுவர் தாண்டியும் கிடைக்கும். ஆனால் நெரிசல் அதிகம். புளூடூத், மைக்ரோவேவ் அடுப்பு எல்லாமே அங்கேதான். 5 கிகாஹெர்ட்ஸ் அலை அதில் பாதிக்கும் குறைவு. அதில் சேனல்கள் நிறைய, வேகமும் அதிகம். ஆனால் சுவர் வந்தால் தளர்ந்துவிடும்.

ஆக, ரவுட்டர் இருக்கும் அறையிலேயே இருந்தால் 5. தள்ளி இருந்தால் 2.4. பௌர்ணமி கிரிவலக் கூட்டத்தில் நிரம்பி வழியும் லாட்ஜ்களை நடத்துபவர்களுக்கு இன்னொரு விஷயம்: 2.4-ல் அருகருகே உள்ள சேனல்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறும். 1, 6, 11 மூன்றும் மட்டும் மோதாது. ஒரே சேனலில் இருக்கும் ரவுட்டர்கள் முறை வைத்துப் பேசிக்கொள்ளும். நடுவில் 3-ஐயோ 8-ஐயோ வைத்தால் இரண்டு பக்கமும் இரைச்சல்தான்.

எல்லா வேலைக்கும் சிறந்த அலை என்று ஒன்று கிடையாது. மார்க்கோனிக்குக் கடல், போஸுக்குச் சின்ன அறை. இருவரும் அவரவர் தேவைக்கு ஏற்ற அலையை எடுத்தார்கள். போன் திரையில் வரும் இரண்டு பெயர்களில் ஒன்றைத் தொடும்போது நடப்பதும் அதே தேர்வுதான்.