கவிமணி காட்டிய முதற்படி

கடந்த கோடை விடுமுறையில் நாகர்கோவிலில் உறவினர் வீட்டில் தங்கியிருந்தேன். ஆறாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி கணினியில் ‘ஸ்கிராட்ச்’ பழகிக்கொண்டிருந்தாள். அமெரிக்காவின் எம்ஐடி ஊடக ஆய்வகம் 2007-இல் வெளியிட்ட இக்கருவியில் நிரலை எழுத்து எழுத்தாகத் தட்ட வேண்டியதில்லை. வண்ணக் கட்டைகளை ஒன்றன்கீழ் ஒன்றாகப் பொருத்தினால் திரையில் பூனை நடக்கும். சுவரில் முட்டினால் பூனை திரும்ப வேண்டும் என்ற இடத்தில் அவள் தடுமாறினாள். நிபந்தனைக்கான கட்டையும் ஆரஞ்சு. மீண்டும் செய்வதற்கான கட்டையும் ஆரஞ்சு. மேலிருந்த ஆங்கிலச் சொற்கள் பிடிபடாமல், நிறத்தையே அடையாளமாக வைத்திருந்தாள். இரண்டின் பொருளையும் தமிழில் சொன்னேன். மறுநிமிடம் பூனை திரும்பியது. தருக்கம் அவளிடம் முன்பே இருந்திருக்கிறது. சொல்தான் குறுக்கே நின்றிருக்கிறது.

அன்று மாலை தேரூர் வழியாகச் சென்றபோது கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை நினைவுக்கு வந்தார். 1876-இல் அவ்வூரில் பிறந்தவர். ஒன்பது வயதில் தந்தையை இழந்தார். நாஞ்சில் நாடு அன்று திருவிதாங்கூரின் பகுதி. வீட்டில் தமிழ் பேசிய அச்சிறுவன் பள்ளியில் மலையாளம் படிக்க நேர்ந்தது. தமிழை அவருக்கு முறையாகக் கற்பித்தவர், திருவாவடுதுறை மடத்தைச் சேர்ந்த சாந்தலிங்கத் தம்பிரான். பள்ளியின் மொழியும் வீட்டின் மொழியும் வேறாகும்போது குழந்தைக்கு நேரும் இடர்ப்பாட்டை அவர் நூல்களில் படித்து அறிய வேண்டியிருக்கவில்லை.

பின்னர் அவரே ஆசிரியரானார். கோட்டாறு, நாகர்கோவில், திருவனந்தபுரம் என 36 ஆண்டுகள் கற்பித்தார். கல்வெட்டாராய்ச்சியில் தேர்ந்த அப்புலவர், குழந்தைகளுக்கென்று எழுத அமர்ந்தபோது புலமையை வாசலிலேயே கழற்றி வைத்தார். பசுவையும் கன்றையும் பற்றிய அவருடைய பாடலை அறியாத தமிழ்க் குழந்தை அரிது. அதில் ஒவ்வோர் அடியும் ஒரே ஒரு செயலைச் சொல்கிறது. ஒன்று முடிந்த பிறகே அடுத்தது வருகிறது. குழந்தை அறியாத பொருள் எதுவும் அதில் இல்லை. சிறு படிகளாகப் பிரித்து, வரிசை பிறழாமல் அடுக்குவதுதானே நிரலாக்கத்தின் முதற்பாடமும்!

சிக்கலானதை எளிமையாக்கும் இத்திறம் குழந்தைப் பாடல்களோடு நிற்கவில்லை. மருமக்கள் வழி என்னும் சொத்துரிமை முறையால் நாஞ்சில் நாட்டுக் குடும்பங்கள் பட்ட துயரை, ஒரு குடும்பப் பெண்ணின் வாய்மொழியாக ‘மருமக்கள்வழி மான்மியம்’ என்னும் நூலில் அங்கதமாகப் பாடினார். சட்டநுணுக்கம் அடுக்களைப் பேச்சில் விளங்கிற்று. 1926-இல் நாஞ்சில் நாட்டு வேளாளர் சட்டம் அம்முறைக்கு முடிவு கட்டியது. எட்வின் ஆர்னால்டின் காவியத்தை ‘ஆசிய ஜோதி’யாகத் தந்தபோதும், உமர் கய்யாமைத் தமிழுக்குக் கொணர்ந்தபோதும் அவர் சொல்லுக்குச் சொல் வைக்கவில்லை, தமிழில் பிறந்த பாடல்களாகவே அவற்றை ஆக்கினார். 1940-இல் கவிமணிப் பட்டம் பெற்று, புத்தேரியில் எளிய வாழ்வு வாழ்ந்து 1954-இல் மறைந்தார். நாஞ்சில் நாடு தமிழகத்தோடு இணைந்தது அதற்கு இரண்டாண்டுகள் கழித்துத்தான்.

இன்று நம் பள்ளிகளில் கணினிகள் வருகின்றன. நிரலாக்கப் பயிற்சியும் பேசப்படுகிறது. தமிழ்ச் சொற்களாலேயே நிரல் எழுத ‘எழில்’ போன்ற முயற்சிகளும் நம்மிடம் உண்டு. ஆயினும் ஆங்கிலக் கட்டளைக்கு அகராதித் தமிழை ஒட்டிவிட்டால் போதாது. குழந்தை நாவில் புழங்காத கலைச்சொல், ஆங்கிலத்தைப் போலவே அந்நியமானது. கோலப்புள்ளி, பல்லாங்குழி, பூ கட்டுதல் ஆகியவற்றில் வரிசையும் சுழற்சியும் நிபந்தனையும் ஏற்கெனவே இருக்கின்றன. பாடம் அங்கிருந்து தொடங்கலாம்.

ஆங்கிலம் வேண்டாம் என்பதன்று என் வாதம். கவிமணி ஆங்கிலம் கற்றதனால்தான் ஆர்னால்டு நமக்குக் கிடைத்தார். நிரலாக்கத்திலும் மேற்படிகளில் ஆங்கிலம் தவிர்க்க இயலாதது. ஆனால், முதற்படியே எட்டாத உயரத்தில் இருந்தால், அரசுப் பள்ளிக் குழந்தை தனக்கு அறிவில்லை என்று நம்பி விலகிவிடும். அந்தப் பொய்யான நம்பிக்கைதான் நாம் அஞ்ச வேண்டிய இழப்பு. கருவி செய்வோரும் பாடம் வகுப்போரும் கவிமணியின் குழந்தைப் பாடல்களை ஒருமுறை வாசித்துவிட்டுப் பணியைத் தொடங்கட்டும்.