வைத்தியர் ஐடா ஸ்கடர்

களனி ஆற்றைக் கடந்து பேலியகொடையிலிருந்து எமது கல்லூரிக்கு வந்து படித்தோருள் தாதியரானோர் பலர். டிப்ளோமாவுடன் வேலைக்குச் சேர்ந்து, இப்போது பட்டப்படிப்பை எங்கே தொடர்வது என்று யோசிக்கும் தங்கைமாரும் எம்மிடையே உள்ளனர். அவர்களை மனத்திற்கொண்டே நூற்றாண்டு மலரில் ஐடா ஸ்கடர் அம்மையாரை நினைவுகூருகிறோம்.

அவர் எமக்கு அந்நியரல்லர். அவருடைய பாட்டனார் ஜோன் ஸ்கடர் 1819இல் அமெரிக்காவிலிருந்து புறப்பட்டு வந்து யாழ்ப்பாணத்துப் பண்டத்தரிப்பில் வைத்தியம் செய்த பாதிரியார்.

ஐடா 1870இல் தமிழ்நாட்டு இராணிப்பேட்டையில் பிறந்தார். மிஷனரியாகும் விருப்பம் அவருக்கு இருக்கவில்லை. சுகவீனமுற்ற தாயைப் பார்க்கத் திண்டிவனம் வந்திருந்தபோது, ஒரே இரவில் மூவர் தத்தம் மனைவியரின் பிரசவத்துக்கு அவரை அழைத்தனர். ஆண் என்பதால் அவருடைய தந்தையாராகிய வைத்தியரை அவர்கள் ஏற்கவில்லை. ஐடாவோ வைத்தியம் படித்திருக்கவில்லை. காலையில் மூன்று பெண்களும் இறந்த செய்தி வந்தது.

1895இல் பிலடெல்பியா பெண்கள் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். அங்கேயே படிப்பை முடித்திருக்கலாம். ஆனால் நியூயோர்க்கின் கோர்னெல் மருத்துவக் கல்லூரி பெண்களையும் சேர்த்துக்கொண்டதும், இறுதிக் கட்டத்தில் அங்கே மாறி 1899இல் பட்டம் பெற்றார். பழகிய இடத்தையும் தோழியரையும் விட்டுப் போவது இலேசான காரியமல்ல. நல்ல தெரிவு என்றே நாம் கருதுகிறோம்.

வேலூரில் 1902இல் வைத்தியசாலை எழுந்தது. பயிற்சிபெற்ற தாதியரின்றி வைத்தியர் ஒருவரால் என்ன செய்ய முடியும்? 1909இல் தாதியர் பயிற்சி தொடங்கியது. 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பாடசாலையும் வந்தது. அதன் முதல் வகுப்பில் இறுதிப் பரீட்சைக்குத் தோற்றிய 14 பேரும் சித்தியடைந்தனர்.

பின்னர் வந்தது சோதனை. டிப்ளோமா போதாது, பல்கலைக்கழகப் பட்டமே வேண்டும் என அரசு விதித்தது. கட்டடம், ஆசிரியர், பணம் எல்லாமே குறைவு. எழுபது வயதில் அம்மையார் நிதி திரட்ட அமெரிக்கா போனார். ஆண்களையும் சேர்க்கும் யோசனையை, பெண்களுக்கென்றே பணம் தந்தவர்களிற் சிலர் எதிர்த்தனர். அந்த மனத்தாங்கலையும் அவர் தாங்க வேண்டியிருந்தது. மருத்துவக் கல்லூரிக்கு 1942இல் அங்கீகாரம் கிடைத்தது. 1946இல் தாதியர் கல்வியும் சென்னைப் பல்கலைக்கழகத்தின் பட்டப்படிப்பாக உயர்ந்தது. இந்தியாவின் முதல் தாதியியல் பட்டப்படிப்புகளுள் அதுவும் ஒன்று.

எமது நாட்டில் பதிவுபெற்ற தாதியர் வேலையை விடாமலே பட்டம் பெற, 1994இல் இலங்கைத் திறந்த பல்கலைக்கழகம் வழிசெய்தது. வெளிநாட்டுப் படிப்பை நாடும் தங்கைமார், விளம்பரத்தைப் பாராமல், அப்பட்டத்தை இங்குள்ள தாதியர் பதிவுச் சபையும் போகவிருக்கும் நாட்டின் சபையும் ஏற்குமா என்பதையே முதலில் விசாரிக்க வேண்டும். வேலூர் அன்று பட்ட பாடு முழுவதும் அந்த அங்கீகாரத்துக்காகத்தானே!

அம்மையார் 1946இல் ஓய்வுபெற்றுக் கொடைக்கானலில் வசித்து, 1960 மே 24ஆம் திகதி அங்கேயே காலமானார்.