மாணவர்கள் இழுத்துச் சென்ற வண்டி

1921-ம் ஆண்டு. மைசூர் மகாராஜா கல்லூரியின் தத்துவப் பேராசிரியர் கல்கத்தாவுக்குப் புறப்பட்டார். வாசலில் குதிரை வண்டி காத்திருந்தது. மாணவர்கள் அதைப் பூக்களால் அலங்கரித்தார்கள். குதிரைகளை அவிழ்த்துவிட்டு, தாங்களே வண்டியை ரெயில் நிலையம் வரை இழுத்துச் சென்றார்கள்!

அந்தப் பேராசிரியர்தான் டாக்டர் ராதாகிருஷ்ணன். அப்போது அவருக்கு வயது 33 கூட நிரம்பவில்லை. மைசூரில் அவர் பணியாற்றியதும் 3 ஆண்டுகள்தான்.

அதற்குள் இத்தனை அன்பை அவர் எப்படிச் சம்பாதித்தார்?

ஏழைக் குடும்பம்

1888-ம் ஆண்டு செப்டம்பர் 5-ந்தேதி திருத்தணியில் பிறந்தவர் அவர். வீட்டில் பேசிய மொழி தெலுங்கு. தகப்பனார் வீராசாமிக்குச் சிறு உத்தியோகம்; குறைந்த வருமானம். திருப்பதி, வேலூர், சென்னை என்று ஊர் ஊராகப் போய், உதவித்தொகையின் துணையால் படித்தார்.

தத்துவம் அவர் தேடிப் போன பாடம் அல்ல. படித்து முடித்த உறவினர் ஒருவர் தம் புத்தகங்களைக் கொடுத்தார். அவை தத்துவப் புத்தகங்கள். வேறு புத்தகம் வாங்கப் பணம் ஏது? அதையே படித்தார்.

நல்ல ஆசான்

சென்னை கிறிஸ்தவக் கல்லூரியில் இந்து சமயத்தைக் குறை கூறும் பேச்சு அவர் காதில் விழுந்தது. வேதாந்தத்தில் ஒழுக்கத்துக்கு இடம் இல்லை என்றார்கள். அதை மறுத்து எம்.ஏ. பட்டத்துக்கு ஆய்வுரை எழுதினார். அவருடைய பேராசிரியர் ஏ.ஜி.ஹாக் கிறிஸ்தவ சமயப் பணிக்காக வந்தவர். ஆனாலும் அந்த ஆய்வுரையை மனம் விட்டுப் பாராட்டினார். 1908-ல் அது நூலாகவும் வெளிவந்தது.

தன் கருத்தை மாணவன் ஏற்க வேண்டும் என்பதில்லை. அவன் சொந்தமாகச் சிந்தித்தால் போதும். இந்தப் பாடத்தை ராதாகிருஷ்ணன் மறக்கவில்லை.

மைசூரில்

1909-ல் சென்னை மாநிலக் கல்லூரியில் ஆசிரியரானார். 1918-ல் மைசூருக்கு வந்தார். மைசூர் பல்கலைக்கழகம் தொடங்கி அப்போது 2 ஆண்டுகளே ஆகியிருந்தன.

வகுப்பில் குறிப்புத்தாள் இல்லாமல் பேசுவார். கடினமான தத்துவமும் எளிதாகப் புரியும். வீட்டுக்கு வரும் மாணவர்களையும் அன்போடு வரவேற்றுப் பேசுவார். ஓய்வு நேரத்தில் நூல்கள் எழுதினார். அவற்றால் கிடைத்த புகழ்தான் அவரைக் கல்கத்தாவுக்கு அழைத்துச் சென்றது.

பிறகு ஆந்திரா, காசி பல்கலைக்கழகங்களின் துணைவேந்தர், ஆக்ஸ்போர்டில் பேராசிரியர், சோவியத் நாட்டுக்குத் தூதர், 1952-ல் துணை ஜனாதிபதி, 1962-ல் ஜனாதிபதி என்று உயர்ந்தார். தன் பிறந்த நாளை ஆசிரியர் தினமாகக் கொண்டாடினால் மகிழ்வேன் என்றுதான் அவர் அப்போதும் சொன்னார். 1975-ம் ஆண்டு ஏப்ரல் 17-ந்தேதி சென்னையில் காலமானார்.

படிப்பு எதற்கு?

1948-ல் அமைக்கப்பட்ட பல்கலைக்கழகக் கல்விக் குழுவுக்கு அவரே தலைவர். கல்வி பிழைப்புக்கு வழி காட்ட வேண்டும். அதோடு நின்றுவிடக் கூடாது, மனிதனை நல்ல மனிதனாகவும் ஆக்க வேண்டும் என்பது அவர் கொள்கை.

ஊரை விட்டு வந்து, வாங்கும் சம்பளத்தில் பாதியைப் பிள்ளைகளின் பள்ளிக்கூடத்துக்குக் கட்டும் நமக்கு இது முக்கியமான செய்தி. படிப்பு நல்ல வேலை வாங்கித் தர வேண்டும் என்று நாம் ஆசைப்படுவதில் தவறில்லை. ஆனால் பிள்ளை வீடு திரும்பியதும் மார்க் எவ்வளவு என்று மட்டும் கேட்கிறோம். இன்று புதிதாக என்ன யோசித்தாய், ஆசிரியரிடம் என்ன கேள்வி கேட்டாய் என்றும் கேட்டுப் பார்க்கலாமே?

மகாராஜா கல்லூரிக் கட்டிடம் இன்றும் மைசூரில் இருக்கிறது. அடுத்த முறை அந்த வழியாகப் போகும்போது பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். திருத்தணியில் பிறந்த ஓர் ஏழைப் பையன் இங்கே வந்து பாடம் சொன்னதையும், மாணவர்கள் அவருக்காகக் குதிரைகளின் இடத்தில் நின்றதையும் சொல்லுங்கள்.