மேகநாத் சாஹா கற்ற வழி

வானத்தை ஆராய விரும்பும் மாணவன் எந்தப் பட்டத்திற்குச் சேர வேண்டும்? பௌதிகமா, கணிதமா, வானநூலா? ஆண்டுதோறும் நம் தமிழ்ச் சங்கத்தில் புதிதாகச் சேரும் தம்பி தங்கையருள் சிலரேனும் இந்தக் கேள்வியோடு என்னிடம் வருகிறார்கள். நான் பௌதிகத்தில் எம். எஸ்ஸி. படிப்பவன் என்பதைத் தவிர இதற்கு விடை சொல்ல எனக்கு வேறு தகுதி இல்லை. நம் நாட்டுப் பல்கலைக் கழகங்கள் பெரும்பாலானவற்றில் இளநிலை வகுப்பில் வானநூலுக்கென்று தனிப் பட்டம் கிடையாது. அதனால் பௌதிகம் கிடைத்தவர் அரை மனத்தோடு சேருகிறார். கணிதம் கிடைத்தவரோ வானத்தின் கதவே அடைபட்டுவிட்டதாகக் கலங்குகிறார். அவர்களுக்கு நான் சொல்ல விரும்பும் விடை ஒரு பெரியாரின் வாழ்க்கையில் இருக்கிறது. நட்சத்திரங்களின் ஒளியைப் படித்துப் பொருள் சொல்ல உலகத்துக்குக் கற்பித்த அவர், பி. எஸ்ஸி., எம். எஸ்ஸி. இரண்டையும் கணிதத்திலேயே பெற்றவர். அவர்தாம் மேகநாத் சாஹா.

1893ஆம் ஆண்டு அக்டோபர் 6ஆம் நாள், இன்று வங்காள தேசத்தில் உள்ள டாக்காவுக்கு அருகே சியோராதலி என்னும் சிற்றூரில் சாஹா பிறந்தார். தந்தை ஜகந்நாதர் சிறிய மளிகைக் கடை வைத்திருந்தார். எட்டுக் குழந்தைகள், மேகநாத் ஐந்தாமவர். கூட்டிக் கழிக்கத் தெரிந்தால் கடையில் உட்கார்ந்துவிடலாம். அதற்கு மேல் படிப்பு எதற்கு என்பது அக்குடும்பத்தின் நிலை. ஊரில் தொடக்கப் பள்ளிக்கு மேல் பள்ளியும் இல்லை. தம்பியின் கூர்மையைக் கண்ட அண்ணன் ஜயநாத், பக்கத்து ஊரில் இருந்த அனந்த குமார் தாஸ் என்னும் மருத்துவரிடம் சென்று இடம் கேட்டார். உண்ட தட்டைத் தானே கழுவ வேண்டும், வீட்டுப் பசுவைப் பராமரிக்க வேண்டும் என்ற ஏற்பாட்டில் அம்மருத்துவர் சிறுவனுக்கு உணவும் உறைவிடமும் தந்தார். பசுவுக்குப் புல் அறுத்துப் போட்டுவிட்டுப் பள்ளிக்குச் சென்ற அந்தச் சிறுவன், நடுநிலைப் பள்ளித் தேர்வில் டாக்கா மாவட்டத்திலேயே முதல்வனாகத் தேறி, உபகாரச் சம்பளமும் பெற்றான்.

1905இல் டாக்கா கல்லூரிப் பள்ளியில் சேர்ந்தார். அதே ஆண்டில்தான் ஆங்கில அரசு வங்காளத்தை இரண்டாகப் பிளந்தது. நாடே கொதித்தது. ஆளுநர் பள்ளியைப் பார்வையிட வந்தபோது மாணவர் சிலர் எதிர்ப்புக் காட்டினர்; சாஹாவும் அவர்களுள் ஒருவர். அதன் பயனாகப் பள்ளியும் போயிற்று, உபகாரச் சம்பளமும் போயிற்று. பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு அது சிறிய இழப்பா? சணல் ஆலையில் வேலை பார்த்த அண்ணன் தம் குறைந்த சம்பளத்திலிருந்து பணம் கொடுத்து உதவ, வேறொரு தனியார் பள்ளியில் சேர்ந்து படிப்பைத் தொடர்ந்தார். 1909இல் நடந்த நுழைவுத் தேர்வில் கிழக்கு வங்காள மாணவர் அனைவரிலும் முதலிடம் அவருக்கே கிடைத்தது. டாக்கா கல்லூரியில் இண்டர் படித்தபோது, கட்டாயப் பாடங்களோடு ஜெர்மன் மொழியையும் எடுத்துக் கொண்டார். டாக்காவில் ஒரு மளிகைக் கடைக்காரர் மகனுக்கு ஜெர்மன் எதற்கு என்று அன்று யாரேனும் கேட்டிருந்தால் விடை சொல்வது கடினம். விடை பத்து ஆண்டுகள் கழித்து வந்தது.

1911இல் கல்கத்தா மாநிலக் கல்லூரிக்கு வந்தார். சத்யேந்திர நாத போஸ் அவருடைய வகுப்புத் தோழர். ஜகதீச சந்திர போஸ் பௌதிகமும், பிரபுல்ல சந்திர ராய் ரசாயனமும் கற்பித்த காலம் அது. இத்தகைய ஆசிரியர்கள் இருந்தும் சாஹா எடுத்தது கணித ஆனர்ஸ். 1913இல் பி. எஸ்ஸி. தேர்விலும், 1915இல் பயன்முறைக் கணித எம். எஸ்ஸி. தேர்விலும் போஸ் முதலாவதாக வந்தார், சாஹா இரண்டாவதாக வந்தார். வகுப்பில் இப்படிப் புகழ் பெற்றவருக்கு விடுதியில் கிடைத்தது வேறு. தாழ்ந்ததெனக் கருதப்பட்ட குலத்தில் பிறந்தவர் என்பதால் ஈடன் இந்து விடுதியில் சில மாணவர்கள் அவருடன் ஒரே பந்தியில் உண்ண மறுத்தனர். அறிவை ஒப்புக்கொண்ட கல்லூரியிலேயே மனிதனை ஒப்புக்கொள்ளாத கொடுமை அது! சாதியின் மீது அவர் கொண்ட வெறுப்பு வாழ்நாள் முழுவதும் தணியவே இல்லை.

படிப்பு முடிந்ததும் நம் வீடுகளில் எழும் கேள்வி அவர் வீட்டிலும் எழுந்தது. குடும்பத்தைத் தாங்க வேலை வேண்டும். அரசாங்க நிதித் துறைத் தேர்வு எழுத விரும்பினார். புரட்சி இயக்கத்தினரோடு பழகியவர் என்ற ஐயத்தால் அதற்கு அனுமதி கிடைக்கவில்லை. வீடு வீடாகச் சைக்கிளில் சென்று பாடம் சொல்லிக் கொடுத்துப் பிழைத்தார். நம்மவரான சி. வி. ராமன் அந்த நிதித் துறையின் பெரிய பதவியில் கல்கத்தாவில் இருந்து, 1917இல் அதை உதறிவிட்டுப் பல்கலைக் கழகத்தின் பௌதிகப் பேராசிரியரானார். அத்துறையில் நுழைய முடியாத சாஹாவோ அதற்கு முந்திய ஆண்டே அதே பல்கலைக் கழகத்திற்கு ஆசிரியராக வந்திருந்தார். ஒருவர் வேலையைத் துறந்தும், மற்றவர் வேலை கிடைக்காமலும் ஒரே இடத்திற்கு வந்து சேர்ந்தது வியப்புக்குரியதன்றோ!

அசுதோஷ் முகர்ஜி புதிய விஞ்ஞானக் கல்லூரியை நிறுவி, 1916இல் சாஹாவையும் போஸையும் கணித விரிவுரையாளர்களாக நியமித்தார். கணிதப் பேராசிரியரோடு ஒத்துப் போகாமையால் இருவரும் விரைவில் பௌதிகப் பகுதிக்கு மாறினர். இங்கேதான் நாம் கவனிக்க வேண்டிய செய்தி இருக்கிறது. சாஹா பௌதிகத்தை உயர் வகுப்பில் கற்றவரல்லர். ஆயினும் முதுநிலை மாணவருக்கு உஷ்ண இயக்கவியலும் நிறமாலை நூலும் கற்பிக்க வேண்டியதாயிற்று. நாளை சொல்ல வேண்டிய பாடத்தை இன்று கற்றார். ஜெர்மனியிலிருந்து வந்த புதிய நூல்களையும் ஏடுகளையும் மூலத்திலேயே படித்தார். போஸுடன் சேர்ந்து ஐன்ஸ்டைனின் சார்புக் கொள்கைக் கட்டுரைகளை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார்; 1920இல் அது நூலாயிற்று. வானத்தைப் பற்றி அவர் அறிந்ததெல்லாம் பெரும்பாலும் ஆக்னஸ் கிளார்க் என்னும் அம்மையார் எழுதிய நூல்களின் வாயிலாகவே. பட்டம் தராத பௌதிகத்தை வேலை தந்தது; வகுப்பு தராத வானநூலை நூலகம் தந்தது.

அக்காலத்து வானநூலார் ஒரு புதிர் முன் திகைத்து நின்றனர். நட்சத்திர ஒளியைப் பட்டகத்தின் வழியே செலுத்தினால் வண்ணப் பட்டை விரிகிறது. அதன் குறுக்கே கரிய கோடுகள் தோன்றுகின்றன. ஒவ்வொரு தனிமமும் தனக்குரிய கோடுகளை வரைகிறது. ஹார்வர்டு வானாய்வுக் கூடத்தில் இலட்சக் கணக்கான நட்சத்திரங்களை இக்கோடுகளைக் கொண்டு வகைப்படுத்தி விட்டார்கள். ஆனால் ஒரு நட்சத்திரத்தில் ஹைட்ரஜன் கோடு ஓங்கி நிற்பதும், மற்றொன்றில் கால்சியம் கோடு ஓங்கி நிற்பதும் ஏன்? அவை வெவ்வேறு பொருள்களால் ஆனவையா? நம் சூரியனிலும் இதே போன்ற ஒரு சிக்கல் இருந்தது. எலக்ட்ரானை இழந்த கால்சியம் அணுக்களின் கோடுகள், சூரிய மேற்பரப்பை விட அதற்கு மேலே உயரத்தில் மிகத் தெளிவாகத் தெரிந்தன. வெப்பம்தான் காரணம் என்றால் உயரே செல்லச் செல்ல வெப்பம் கூடுகிறது என்றாகுமே!

1919இல் எகர்ட் என்னும் ஜெர்மானியரின் கட்டுரை ஒன்று சாஹாவின் கைக்கு வந்தது. ரசாயனத்தில் ஒரு கூட்டுப் பொருள் வெப்பத்தால் பிரிவதைக் கணிக்க நெர்ன்ஸ்ட் தந்த சூத்திரத்தை, நட்சத்திரத்தின் உட்பகுதியில் அணுக்கள் எலக்ட்ரானை இழப்பதற்கு எகர்ட் பொருத்தியிருந்தார். அதில் இருந்த குறையைச் சாஹா உடனே கண்டார். எலக்ட்ரானைப் பிரிக்க ஒவ்வோர் அணுவுக்கும் எவ்வளவு ஆற்றல் தேவை என்பதைச் சோதனைச் சாலைகள் அப்போதுதான் அளந்திருந்தன. எகர்ட் ஊகமாக வைத்த இடத்தில் அந்த அளவுகளைச் சாஹா வைத்தார். பிறந்தது சாஹா சமன்பாடு.

அது சொல்வது எளிது. வெப்பம் கூடினால் அணு எலக்ட்ரானை இழக்கும். அழுத்தம் கூடினால் இழந்ததைத் திரும்பப் பெறும். நெருக்கமான கடைத்தெருவில் துணையைப் பிரிந்தவன் உடனே வேறொரு துணையைக் கண்டு கொள்வான். ஆளரவமற்ற பொட்டலில் தனித்தே நடக்க வேண்டியதுதான். சூரியனின் மேலடுக்கில் அழுத்தம் மிகக் குறைவு. ஆகவே அங்கே எலக்ட்ரானை இழந்த கால்சியம் அப்படியே நின்று விடுகிறது. நட்சத்திரங்களின் வகை வேறுபாட்டுக்கும் முதன்மையான காரணம் வெப்ப வேறுபாடே. ஏறக்குறைய மூவாயிரம் டிகிரி உள்ள சிவந்த நட்சத்திரத்துக்கும் முப்பதாயிரம் டிகிரிக்கு மேற்பட்ட நீல நட்சத்திரத்துக்கும் உள்ள வேற்றுமை ஒரே சூத்திரத்தில் அடங்கிற்று. 1920இல் இக்கட்டுரைகள் லண்டன் பிலசாபிகல் மாகசீனில் வெளிவந்தன.

குளிர்ந்த சூரியப் புள்ளிகளில் ரூபிடியம் கோடுகள் தென்பட வேண்டும் என்று அவர் கணித்தார். அமெரிக்காவில் ரஸ்ஸல் தேடினார். மவுண்ட் வில்சன் படங்களில் அவை இருந்தன. 1925இல் செசிலியா பெய்ன் என்னும் இளம் பெண் சாஹா சமன்பாட்டைக் கொண்டே, நட்சத்திரங்களில் ஹைட்ரஜனும் ஹீலியமுமே பெருமளவு நிறைந்துள்ளன என்று கணக்கிட்டுக் காட்டினார். இன்று அது பாடப் புத்தகச் செய்தி.

இவ்வளவும் இனிய கதையாக மட்டும் இருந்தால் உங்களுக்கு எழுத மாட்டேன். 1917இல் ஒளியின் அழுத்தத்தைப் பற்றி ஒரு நீண்ட கட்டுரையை அமெரிக்க ஏடொன்றுக்கு அனுப்பினார். அச்சுச் செலவில் ஒரு பகுதியை ஏற்க வேண்டும் என்று பதில் வந்தது. பணம் இல்லை, கட்டுரை அங்கே வெளிவரவில்லை. 1920இல் ஐரோப்பா சென்று லண்டனில் பௌலரிடமும் பெர்லினில் நெர்ன்ஸ்டிடமும் சில காலம் பணி செய்தார். திரும்பி வந்து, 1923 முதல் 1938 வரை அலகாபாத்தில் பேராசிரியராயிருந்தார். அங்கே கற்பிக்கும் சுமை மிகுதி, கருவிகளும் பணமும் குறைவு. அவர் விதைத்த வயலில் பெரும் விளைச்சலை அறுத்தவர்கள் கேம்பிரிட்ஜிலும் ஹார்வர்டிலும் வசதியோடு இருந்தவர்கள். பட்டத்தின் பெயர் அவரைத் தடுக்கவில்லை. பணமும் கருவியும் இல்லாமை தடுத்தது. எதை எண்ணிக் கவலைப்பட வேண்டும் என்பதை இதிலிருந்து நாம் தெரிந்து கொள்ளலாம்.

1927இல் ராயல் சொசைட்டி அவரை உறுப்பினராக்கியது. 1930 ஜனவரியில் அலகாபாத்தில் விஞ்ஞான காங்கிரஸ் கூடியபோது, சென்னை மாநிலக் கல்லூரியிலிருந்து பத்தொன்பது வயது மாணவர் ஒருவர் வந்திருந்தார். அவர் எழுதிய கட்டுரையை முன்பே படித்திருந்த சாஹா அவரைப் பாராட்டித் தம் வீட்டுக்கு விருந்துக்கும் அழைத்தார். கணிதம் படிக்க ஆசைப்பட்டுத் தந்தையின் விருப்பத்தால் பௌதிக ஆனர்ஸ் எடுத்திருந்த அந்த மாணவரே, பின்னாளில் 1983இல் நோபல் பரிசு பெற்ற சந்திரசேகர். ஒருவர் கணிதத்திலிருந்து வந்தார், மற்றவர் கணிதத்தை விட்டு வந்தார். இருவரும் போய்ச் சேர்ந்தது நட்சத்திரங்களிடம்.

1938இல் கல்கத்தாவுக்குத் திரும்பிய சாஹா, 1940இல் எம். எஸ்ஸி. பாடத் திட்டத்தில் அணுக்கருப் பௌதிகத்தைச் சேர்த்தார். தமக்குக் கிடைக்காத வகுப்பைப் பிறருக்குக் கிடைக்கச் செய்தார் என்பேன். அதற்கென ஓர் ஆராய்ச்சி நிலையத்தையும் எழுப்பினார். இன்று அது அவர் பெயரையே தாங்கி நிற்கிறது. 1952இல் சுயேச்சையாக நின்று மக்களவைக்குச் சென்றார். அதே ஆண்டு அமைக்கப்பட்ட பஞ்சாங்கச் சீர்திருத்தக் குழுவுக்குத் தலைவரானார். நமக்குச் சித்திரை பிறப்பது ஏப்ரல் நடுவில். பகலும் இரவும் சமமாகும் நாளோ மார்ச்சு 21ஐ ஒட்டி வந்து விடுகிறது. நூற்றாண்டுகளாகச் சேர்ந்த இத்தகைய பிழையைக் களைந்து குழு வகுத்த தேசிய நாட்காட்டி 1957 மார்ச்சு 22இல் நடைமுறைக்கு வந்தது. அதைக் காண அவர் இல்லை. 1956 பிப்ரவரி 16ஆம் நாள், டில்லியில் திட்டக் குழு அலுவலகத்துக்குப் போகும் வழியில் மயங்கி விழுந்து உயிர் நீத்தார்.

தம்பி தங்கையரே! நானும் தமிழ்நாட்டை விட்டு இத்தனை தொலைவு வந்து படிப்பவன். வீட்டார் அனுப்பும் ஒவ்வொரு ரூபாயும் எந்தப் பாடத்துக்குச் செலவாகிறது என்ற கணக்கு எனக்கும் உண்டு. ஆதலால் துணிந்து சொல்கிறேன். இளநிலையில் பௌதிகம் கிடைத்தால் மகிழ்ந்து சேருங்கள்; துணைப் பாடமாகக் கணிதத்தை விடாதீர்கள். கணிதமே கிடைத்தாலும் சோர்வு வேண்டாம். உஷ்ண இயக்கவியலும் ஒளியியலும் அணுப் பௌதிகமும் நூலகத்தில் காத்திருக்கின்றன. ரசாயனத்தை ஒதுக்காதீர்கள், நட்சத்திரத்தைத் திறந்த சாவி அங்கிருந்துதான் வந்தது. பெங்களூரிலும் புனேயிலும் உள்ள வானநூல் ஆராய்ச்சி நிலையங்கள் முதுநிலைப் பௌதிகம் முடித்தவர்களை ஆராய்ச்சிக்கு எடுத்துக் கொள்கின்றன. ஆகவே பட்டத்தின் பெயரைப் பார்ப்பதோடு நிற்காமல், சேரப் போகும் கல்லூரியில் நல்ல நூலகம் உண்டா, சோதனைச் சாலை திறந்திருக்கிறதா, கேள்வி கேட்டால் விடை சொல்லும் ஆசிரியர் இருக்கிறாரா என்று விசாரியுங்கள். மற்றவற்றை உங்கள் உழைப்பு பார்த்துக் கொள்ளும்.