கம்பியில் குரலைப் பிடித்தவர்: வால்டெமர் பவுல்சன்

கடந்த பல்கலைக்கழக விடுமுறையில் கேமரன் மலைக்குத் திரும்பியபோது எனக்கு ஒரு சின்ன வேலை கிடைத்தது. எங்கள் தேயிலைத் தோட்டத்து மக்கள் போய்வரும் ஒரு கிளினிக்கின் தொலைபேசிக்குத் தமிழில் குரல் பதிவு செய்து தரவேண்டும். மருந்து வாங்க ஒன்றை அழுத்தவும், தேதி கேட்க இரண்டை அழுத்தவும் என்று சொல்லும் குரல்தான்.

அதுவரை அந்த எண்ணை அழைத்தால் மலாயும் ஆங்கிலமும்தான் கேட்கும். நெடுங்காலம் கொழுந்து பறித்த என் பாட்டி, எதிர்முனையில் ஒரு பெண் இருக்கிறாள் என்றே நினைத்துக்கொள்வார். அந்தக் குரலுக்கு வணக்கம் சொல்வார், தன் பெயரைச் சொல்வார், மாத்திரை தீர்ந்ததைச் சொல்வார். அது தன்பாட்டுக்குப் பேசி முடித்துத் துண்டித்துவிடும். அப்படித்தான் ஒருமுறை மருந்து எடுக்கும் தேதி மாறியது தெரியாமல், இரத்த அழுத்த மாத்திரை இல்லாமலேயே இரண்டு வாரத்தை ஓட்டிவிட்டார். வீட்டில் யாருக்கும் தெரியவில்லை.

ஆள் இல்லாத தொலைபேசியைப் பேசவைக்கலாம் என்று முதலில் நினைத்தவர் யார்? பதிவுக்கு உட்கார்ந்த அன்றே இந்தக் கேள்வி எனக்கு வந்தது. தேடிப்போனதில் கிடைத்த பெயர் வால்டெமர் பவுல்சன். எடிசனையும் கிரஹாம் பெல்லையும் பாடநூலில் படித்திருக்கிறோம். இவரைப் பற்றி நான் பள்ளியில் ஒரு வரிகூடப் படித்ததில்லை.

பவுல்சன் 1869ஆம் ஆண்டு நவம்பர் 23ஆம் நாள் டென்மார்க்கின் தலைநகரான கோபன்ஹேகனில் பிறந்தார். தந்தை அந்நாட்டின் உயர்ந்த நீதிமன்றத்தில் நீதிபதி. மகனுக்கோ இயற்பியலும் ஓவியமும்தான் பிடித்தன. கணிதம் அவ்வளவாக வரவில்லை. (கணிதத்தில் தடுமாறும் நண்பர்கள் இதைப் பெற்றோரிடம் காட்டலாம், ஆனால் விளைவுக்கு நான் பொறுப்பில்லை.) 1889 முதல் 1893 வரை கோபன்ஹேகன் பல்கலைக்கழகத்தில் இயற்கை அறிவியல் படித்துவிட்டு, நகரின் தொலைபேசி நிறுவனத்தில் தொழில்நுட்பப் பிரிவில் வேலைக்குச் சேர்ந்தார்.

அன்றைய தொலைபேசிக்கு ஒரு பெரிய குறை இருந்தது. மணி அடிக்கும்போது வீட்டில் ஆள் இல்லையென்றால் அழைப்பு வீண். கடிதம் மேசையில் காத்திருக்கும், தந்தி காத்திருக்கும், குரல் மட்டும் காத்திருக்காது. எடிசன் 1877லேயே குரலைப் பதிவு செய்யும் ஃபோனோகிராஃப்பைச் செய்திருந்தார் என்பது உண்மைதான். ஆனால் அது ஊசியால் கீறிப் பதியும் முறை. தொலைபேசிக் கம்பியில் வரும் மெல்லிய மின்னோட்டத்துக்கு ஓர் ஊசியை அழுத்திக் கீறும் வலு கிடையாது. மேலும் மெழுகில் கீறியதைக் கேட்கக் கேட்க அது தேய்ந்துகொண்டே போகும்.

பவுல்சனின் யோசனை கீறலையே விட்டுவிட்டது. படிவம் 5இல் மின்காந்தவியல் படித்தவர்களுக்கு இது எளிதாகப் புரியும். ஒலிவாங்கியில் பேசினால் மின்னோட்டம் கூடிக் குறைகிறது. அதை ஒரு சிறிய மின்காந்தத்துக்குள் செலுத்தினால் காந்தத்தின் வலிமையும் கூடிக் குறையும். அந்தக் காந்தத்தை ஓர் எஃகுக் கம்பியின் மேல் நகர்த்திக்கொண்டே போனால், கம்பியின் ஒவ்வொரு புள்ளியிலும் அந்தந்த நொடியின் வலிமை தங்கிவிடும். எஃகு தன்மேல் ஏறிய காந்தத்தை எளிதில் விடாது. பிறகு அதே கம்பியின்மேல் அதே காந்தத்தை மறுபடி நகர்த்தினால், இம்முறை கம்பி காந்தச் சுருளில் மின்னோட்டத்தை எழுப்பும். அதைக் காதுக்குழாயில் கொடுத்தால் பேசியது திரும்பக் கேட்கும். வேண்டாம் என்றால் கம்பிமேல் ஒரே சீரான காந்தத்தை ஓட்டி அழித்துவிட்டு, அதே கம்பியில் புதிதாகப் பேசலாம்.

காந்தத்தில் ஒலியைப் பதியலாம் என்ற எண்ணத்தை அமெரிக்கப் பொறியாளர் ஓபர்லின் ஸ்மித் 1888இல் ஒரு மின்துறை இதழில் எழுதியிருந்தார். ஆனால் வேலை செய்யும் கருவி ஒன்றை அவர் கொண்டுவரவில்லை. கொண்டுவந்தவர் பவுல்சன். 1898 டிசம்பர் 1ஆம் நாள் டென்மார்க்கில் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். அப்போது அவருக்கு வயது 29. ஓர் உருளையில் எஃகுக் கம்பியைச் சுற்றி, உருளை சுழலும்போது மின்காந்தம் அதன்மேல் நகரும்படி அமைத்திருந்தார். கருவிக்கு டெலிகிராஃபோன் என்று பெயர் வைத்தார். ஆள் இல்லாத நேரத்தில் அழைப்பவரின் செய்தியை வாங்கி வைப்பதுதான் அதன் முதல் நோக்கம். அழைப்பவருக்கு முன்கூட்டியே பேசிவைத்த பதிலைச் சொல்லவும் அதே கம்பி போதும்.

1900இல் பாரிஸ் உலகக் கண்காட்சியில் டெலிகிராஃபோனுக்கு உயர்ந்த பரிசான கிராண்ட் பிரி கிடைத்தது. ஆஸ்திரியப் பேரரசர் பிரான்ஸ் ஜோசப் அந்தக் கருவியில் சில சொற்கள் பேசினார். அந்தப் பதிவு இன்றும் இருக்கிறது. காந்த முறையில் பதிந்து நமக்குக் கிடைத்திருக்கும் மிகப் பழைய குரல் அதுதான். நான் கேட்டுப் பார்த்தேன். இரைச்சலுக்குள் ஒரு முதியவர் நிதானமாகப் பேசுவதுபோல் இருக்கிறது. பேரரசு போய்விட்டது, அவர் தொண்டையைச் செருமும் விதம்வரை கம்பி வைத்திருக்கிறதோ என்று தோன்றியது.

பரிசு கிடைத்ததும் பணம் கொட்டியிருக்கும் என்று நினைப்போம். இல்லை. 1903இல் இந்தக் கருவியைச் செய்து விற்க அமெரிக்கன் டெலிகிராஃபோன் கம்பெனி தொடங்கப்பட்டது. வெளிவந்த கருவிகள் கொஞ்சம்தான். வியாபாரம் எழவே இல்லை. நிர்வாகக் குழப்பம் ஒருபுறம் இருக்க, அடிப்படையான குறை வேறு. பதிந்த குரல் மிக மெலிதாக இருந்தது. காதுக்குழாயை அழுத்திப் பிடித்தால்தான் கேட்கும். ஒலியைப் பெருக்கும் மின்னணுக் கருவி அப்போது உலகில் எங்கும் இல்லை. அது வருவதற்குப் பல ஆண்டுகள் முன்னதாகவே பவுல்சன் வந்துவிட்டார் என்பதே உண்மை.

அவர் அதற்காக உட்கார்ந்து வருந்தியதாகத் தெரியவில்லை. வேறு வேலையைத் தொடங்கிவிட்டார். இங்கிலாந்தின் வில்லியம் டடெல், மின்வில் விளக்கை இசை ஒலி எழுப்பும்படி செய்திருந்தார். பவுல்சன் அந்த மின்வில்லை ஹைட்ரஜன் கலந்த வாயுவுக்குள் வைத்து, வலுவான காந்தப்புலத்தையும் சேர்த்தார். விட்டுவிட்டு வெடிக்கும் பொறிக்குப் பதிலாக இடையறாத வானொலி அலை பிறந்தது. குரலைச் சுமக்க அத்தகைய அலைதான் வேண்டும். 1903இல் அதற்கும் காப்புரிமை பெற்றார். 1907இல் டென்மார்க் அரச அறிவியல் கழகத்தின் தங்கப் பதக்கமும், 1909இல் லைப்சிக் பல்கலைக்கழகத்தின் கௌரவ முனைவர் பட்டமும் வந்தன.

இந்த மின்வில் நம் பக்கத்துக்கும் வந்தது. 1923இல் ஜாவா தீவில், பண்டுங் நகருக்கு அருகே, மலபார் என்னும் மலையில் டச்சுக்காரர்கள் ஒரு மாபெரும் வானொலி நிலையத்தைத் திறந்தார்கள். பள்ளத்தாக்கின் குறுக்கே கம்பிகளைக் கட்டி, 2,400 கிலோவாட் அளவிலான பவுல்சன் மின்வில்லை வைத்து, அங்கிருந்து நேரே ஹாலந்துக்குச் செய்தி அனுப்பினார்கள். அந்த மலைப்பகுதியும் எங்கள் ஊரைப்போல் தேயிலைக்குப் பெயர் போனது. அப்போது கேமரன் மலையில் தேயிலைத் தோட்டமே கிடையாது. போ தோட்டம் 1929இல்தான் தொடங்கியது.

இன்னொரு விசித்திரம். பவுல்சனின் மின்வில் உரிமையை வாங்கி 1909இல் கலிஃபோர்னியாவில் ஒரு நிறுவனம் பிறந்தது. பின்னர் ஃபெடரல் டெலிகிராஃப் என்று பெயர் பெற்றது. அங்கே வேலை பார்த்தபோதுதான் லீ டி ஃபாரஸ்ட் 1912இல் தன் வெற்றிடக் குழாயை ஒலிபெருக்கியாக மாற்றினார். டெலிகிராஃபோனுக்கு இல்லாமற்போன அதே பொருள், பவுல்சனின் இன்னொரு கண்டுபிடிப்பை நம்பித் தொடங்கிய இடத்திலிருந்து கிடைத்தது. ஆனால் அதற்குள் டெலிகிராஃபோனின் காலம் கடந்துகொண்டிருந்தது.

1935இல் ஜெர்மனியின் ஏஇஜி நிறுவனம் கம்பிக்குப் பதிலாக நாடாவைப் பயன்படுத்தும் மேக்னட்டோஃபோனை வெளியிட்டது. அடிப்படை அதே பவுல்சன் முறைதான். 1940இல் ஜெர்மன் படை டென்மார்க்கைப் பிடித்தது. ஆக்கிரமித்தவர்களின் வானொலி அந்த நாடாக்களில் பதிந்ததை ஒலிபரப்பிக்கொண்டிருந்த காலத்தில், 1942 ஜூலை 23ஆம் நாள், பவுல்சன் தம் 72ஆம் வயதில் காலமானார். இங்கே மலாயாவில் ஜப்பானியர் ஆட்சி நடந்த வருடம் அது.

அவருடைய கம்பி இன்று இல்லை. பதிவுகள் கணினியில் எண்களாக இருக்கின்றன. ஆனால் தொலைபேசிக்குக் குரலைத் தயார் செய்யும் வேலை, நினைத்ததைவிடக் கடினமானது. தொலைபேசி வழக்கமாக 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரையுள்ள ஒலியைத்தான் கடத்தும். அதனால் நொடிக்கு 8,000 மாதிரிகள் என்ற அளவில் பதிவைச் சுருக்குவார்கள். ஸ, ஃப போன்ற ஒலிகளின் கூர்மை போய்விடும். ஃபார்மசி என்று சொன்னால் முதல் எழுத்தே மங்கியது. மருந்துப் பிரிவு என்று மாற்றினேன்.

அதைவிடப் பெரிய சிக்கல் எண்கள். 1936இல் இங்கிலாந்தில் மணி சொல்லும் தொலைபேசி வந்தபோது, எத்தல் கேன் என்ற தொலைபேசிப் பணியாளரின் குரலில் மணி, நிமிடம், நொடி எல்லாவற்றையும் துண்டு துண்டாகப் பதிந்து, பிறகு இயந்திரம் சேர்த்துக்கொண்டது. இன்றும் அதுவே வழி. மலாயில் டுவா புலோ என்று ஒருமுறையும் சத்து என்று ஒருமுறையும் பேசினால் 21 தயார். ஆங்கிலமும் அப்படியே. தமிழில் இருபது, ஒன்று என்று இரண்டையும் ஒட்டினால் யாரும் அப்படிப் பேசுவதில்லை. இருபத்தொன்று, இருபத்திரண்டு, இருபத்து மூன்று என்று ஒவ்வொன்றும் உருமாறும். கிளினிக் கொடுத்த பட்டியல் மலாய்க் கணக்கில் தயாரானது. அதில் தேதிகளுக்குப் பதினைந்து துண்டுகளுக்குள்தான் இடம் இருந்தது. அதை விட்டுவிட்டு ஒன்று முதல் முப்பத்தொன்று வரை முழுதாகப் பேசித் தருகிறேன் என்று கேட்டு வாங்கினேன்.

வீட்டின் தகரக் கூரையில் மழை விழாத நேரம் பார்த்து, போர்வைக்குள் தலையை விட்டுக்கொண்டு இரண்டு இரவுகள் பேசினேன். கேமரன் மலையில் மழை இல்லாத இரவுக்குக் காத்திருப்பது எப்படி என்று இங்குள்ளவர்களுக்குத் தெரியும்.

பதிவு ஏறிய வாரம் பாட்டி அந்த எண்ணை அழைத்தார். என் குரலைக் கேட்டதும் சாப்பிட்டாயா என்று விசாரித்தார். பதில் வரவில்லை. கொஞ்சம் பொறுத்திருந்து, சொன்னபடி இரண்டை அழுத்தினார். தேதி கிடைத்தது. முப்பத்தொன்றுக்கான பதிவில் மட்டும் மழைச்சத்தம் புகுந்து சொல்லே கேட்கவில்லை. அடுத்த விடுமுறையில் அதை மறுபடி பேசவேண்டும்.