798 நாள் இருட்டு

1902-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 30-ந்தேதி.

அமெரிக்காவில் ஹார்ட்போர்டு என்ற ஊரில் ஒரு மனநோய் ஆஸ்பத்திரி. அங்கே ஒரு வாலிபர் காத்திருந்தார். வயது 26. அன்று அவரைப் பார்க்க அவருடைய சகோதரர் வரவேண்டும். வருகிறவர் உண்மையான சகோதரர்தானா? அல்லது சகோதரரைப்போல வேடம் போட்ட துப்பறியும் ஆளா? இரண்டு ஆண்டுகளாக அந்தச் சந்தேகம் அவரை அரித்துக்கொண்டிருந்தது.

அந்த வாலிபரின் பெயர் கிளிபோர்டு பீர்ஸ். மனநோய்க்கு ஆளானவர்களையும் மனிதர்களாக நடத்தவேண்டும் என்று பிற்காலத்தில் பெரிய இயக்கத்தை நடத்திய அதே பீர்ஸ்தான்.

அண்ணனுக்கு வந்த நோய்

பீர்ஸ் 1876-ம் ஆண்டு மார்ச் 30-ந்தேதி, கனெக்டிகட் மாநிலத்தில் உள்ள நியூ ஹேவன் நகரில் பிறந்தார். புகழ்பெற்ற யேல் கல்லூரியில் சேர இருந்தார். அந்தச் சமயத்தில், 1894-ல், வீட்டில் ஒரு துயரம் நேர்ந்தது. அவருடைய அண்ணன் ஒருவருக்குக் காக்காய் வலிப்பு கண்டது.

அண்ணனுக்குப் பணிவிடை செய்தவர்களில் பீர்சும் ஒருவர். வலிப்பு வரும்போதெல்லாம் கூட இருந்து பார்த்தார். பார்க்கப் பார்க்க அவர் மனதில் ஒரு பயம் புகுந்தது. நாளைக்கு எனக்கும் இது வந்தால்?

அந்தப் பயத்தை அவர் யாரிடமும் சொல்லவில்லை. அதுதான் வினையாக முடிந்தது. வகுப்பில் எழுந்து பாடம் ஒப்பிக்கவேண்டும் என்றால் உடம்பு நடுங்கும். ஆசிரியர்களிடம் ஏதோ சமாதானம் சொல்லி, தன்னைக் கேள்வி கேட்காதபடி பார்த்துக்கொண்டார். வெளியே சிரித்த முகம். உள்ளே ஓயாத பயம். இப்படியே 1897-ல் பட்டமும் வாங்கிவிட்டார். நியூயார்க் நகரில் வேலையும் கிடைத்தது. ஆறு வருடம் மூடி மூடி வைத்த பயம் 1900-ம் ஆண்டில் அவரைக் கீழே தள்ளிவிட்டது. வேலையை விட்டுவிட்டு வீட்டுக்கு வந்தார். தனக்கும் வலிப்பு வந்துவிட்டது என்றே முடிவு கட்டினார். ஜூன் 23-ந்தேதி உயிரை விடத் துணிந்தார்.

உயிர் போகவில்லை. காலில் எலும்புகள் முறிந்தன. நியூ ஹேவன் ஆஸ்பத்திரியில் படுக்கவைத்தார்கள்.

இங்கே ஓர் ஆச்சரியம். வலிப்பு வரும் என்ற பயம் அன்றோடு போய்விட்டது. ஆனால் அது இருந்த இடத்தில் வேறு பயங்கள் வந்து குடியேறின. தற்கொலைக்கு முயன்ற குற்றத்துக்காகப் போலீசார் தன்னைச் சூழ்ந்திருக்கிறார்கள் என்று நம்பினார். நர்சுகள், வேலைக்காரர்கள் எல்லோரும் அவருக்கு ஒற்றர்களாகத் தெரிந்தார்கள். சாப்பாட்டில் ஏதோ கலந்திருக்கிறார்கள் என்று நினைத்தார். பெற்ற தாயும் தகப்பனும் வந்தால், அவர்களைப்போல வேடமிட்டவர்கள் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். வாயைத் திறந்தால் தன் பேச்சே தன்னைக் காட்டிக்கொடுக்கும் என்று பேச்சையும் நிறுத்திவிட்டார்.

ஒரு கடிதம்

பேசாமல் இருந்தாரே தவிர, சிந்திக்காமல் இல்லை. பிறகு அவர் ஹார்ட்போர்டு ஆஸ்பத்திரிக்கு மாற்றப்பட்டார். அங்கே இன்னொரு நோயாளி அவருக்கு நண்பர் ஆனார். டாக்டர்களிடம் சொல்லாததை எல்லாம் பீர்ஸ் அந்த நண்பரிடம் சொன்னார். தன்னைப் பார்க்க வருகிறவர் உண்மையான ஜார்ஜ் அல்ல என்றார்.

நண்பர் சிரிக்கவில்லை. வாதாடவும் இல்லை. வெளியே போய்வர அவருக்கு அனுமதி இருந்தது. ஊர் விலாசப் புத்தகத்தைத் தேடிப் பார்த்தார். பழைய விலாசத்தில் ஜார்ஜ் பீர்ஸ் இருக்கிறார் என்று வந்து சொன்னார்.

பீர்ஸ் யோசித்தார். அந்த விலாசத்தில் இருப்பவர் உண்மையான ஜார்ஜ் என்றால், அங்கே போடும் கடிதம் அவர் கைக்குத்தான் போகும். வேடக்காரன் கைக்குப் போகாது. ஆகவே ஒரு கடிதம் எழுதினார். அடுத்த தடவை வரும்போது இந்தக் கடிதத்தையே அத்தாட்சியாகக் கொண்டுவரவேண்டும் என்று அதில் கேட்டிருந்தார். இரண்டு ஆண்டுகளில் சொந்தக்காரருக்கு அவர் எழுதிய முதல் கடிதம் அது. நண்பர் அதை ரகசியமாகத் தபாலில் சேர்த்தார்.

ஜார்ஜ் வந்தார். சட்டைப்பையில் கையை விட்டார். கடிதத்தை எடுத்து நீட்டினார்.

தம் கையெழுத்தைப் பீர்ஸ் பார்த்தார். அவ்வளவுதான்! இரண்டு ஆண்டுகளாகக் கட்டிய சந்தேகக் கோட்டை ஒரே நொடியில் சரிந்தது. எதிரே நிற்பவர் கூடப்பிறந்தவர் என்று கண்டார். பின்னால் அவரே கணக்குப் போட்டுப் பார்த்தார். இருட்டில் கிடந்த நாட்கள் 798.

நன்றாக நினைத்துப் பார்த்தால், இதில் ஜார்ஜின் பொறுமையும் பெரிது. முகத்தைத் திருப்பிக்கொண்ட சகோதரனை, அவர் மறுபடி மறுபடி பார்க்க வந்தாரே!

சட்டையில் கட்டினார்கள்

கதை இங்கே முடிந்திருந்தால் நன்றாக இருக்கும். முடியவில்லை. மனச்சோர்வு நீங்கியதும் அதற்கு நேர்மாறான வேகம் வந்துவிட்டது. பேச ஆரம்பித்தவர் நிறுத்தவில்லை. தூக்கம் இல்லை. பொட்டலம் கட்டும் காகிதச் சுருளில் பல அடி நீளத்துக்குக் கடிதம் எழுதினார். உலகத்தையே திருத்தப்போவதாகச் சொன்னார்.

அந்தக் காலத்தில் இதற்குப் பல இடங்களில் செய்த வைத்தியம், கட்டிப்போடுவது! கைகளை மார்போடு சேர்த்து இறுக்கும் சட்டை ஒன்று உண்டு. அதில் பல இரவுகள் அவரைக் கட்டிப்போட்டார்கள். பிறகு மிடில்டவுன் ஊரில் உள்ள சர்க்கார் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். அங்கே குளிர்காலத்தில் சூடு இல்லாத சிறு அறையில், போதிய துணி இல்லாமல் கிடந்தார். காவலாளிகளிடம் அடியும் பட்டார்.

மற்ற நோயாளிகள் பட்ட பாட்டையும் கவனித்துக் குறித்துக்கொண்டார். 1903-ல் மாநில கவர்னருக்கு நீண்ட கடிதம் எழுதி ரகசியமாக வெளியே அனுப்பினார். அது கவர்னர் கைக்குப் போய்ச் சேர்ந்தது. அந்த ஆண்டு செப்டம்பரில் பீர்ஸ் வீடு திரும்பினார். பழைய வேலையையும் பார்த்தார்.

அவர் வாழ்க்கையில் மிகவும் கவனிக்கவேண்டிய கட்டம் அடுத்து வருகிறது. 1905-ம் ஆண்டு தொடக்கத்தில், பழைய வேகம் திரும்புவது அவருக்கே தெரிந்தது. தூக்கம் குறைந்தது. எண்ணங்கள் ஓடின. இந்தத் தடவை அவர் எதையும் மறைக்கவில்லை. வீட்டாரிடம் பேசினார். தாமாகவே ஹார்ட்போர்டு ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தார். சில வாரங்களில் தெளிந்து வெளியே வந்தார். மாணவப் பருவத்தில் பயத்தை மூடி வைத்த அதே மனிதர், இப்போது நோய் முற்றுமுன் உதவி கேட்கக் கற்றுக்கொண்டிருந்தார்.

சொந்தப் பெயரில்

பட்டதை எல்லாம் புத்தகமாக எழுதினார். புனைபெயர் போட்டுக்கொள்ளவில்லை. அந்தக் காலத்தில் இது சாதாரண துணிச்சல் அல்ல. குடும்பத்தில் ஒருவருக்கு மனம் பேதலித்தால் கதவைச் சாத்தி மறைத்த காலம் அது. வில்லியம் ஜேம்ஸ் என்ற பெரிய மனநூல் அறிஞர் கையெழுத்துப் பிரதியைப் படித்துப் பாராட்டிக் கடிதம் எழுதினார். அந்தக் கடிதமே புத்தகத்துக்கு முன்னுரை ஆயிற்று. 1908 மார்ச்சில் புத்தகம் வெளிவந்தது. பரபரப்பு உண்டாயிற்று.

அதே ஆண்டு மே மாதம் கனெக்டிகட்டில் மனநலச் சங்கம் ஒன்று தொடங்கினார். 1909-ல் நாடு முழுவதுக்குமான தேசியக் குழு பிறந்தது. கையில் பணம் இல்லை. கடன் வாங்கித்தான் வேலை நடந்தது. பிறகு ஹென்றி பிப்ஸ் என்ற செல்வர் 50 ஆயிரம் டாலர் கொடுத்தார். குழு நிமிர்ந்தது. 1913-ல் நியூ ஹேவனில், நோயாளிகள் வீட்டில் இருந்தபடியே வந்து மருந்தும் ஆலோசனையும் பெறும் மருத்துவ நிலையம் திறக்கப்பட்டது. 1930-ல் வாஷிங்டனில் நடந்த உலக மனநல மகாநாட்டுக்குச் சுமார் 50 நாடுகளிலிருந்து பிரதிநிதிகள் வந்தார்கள். அதற்குப் பாடுபட்டவர்களில் முதல்வர் பீர்ஸ்.

1912-ல் கிளாரா ஜெப்சன் என்ற பெண்ணை மணந்தார். குடும்பத்தில் நோய் தொடர்ந்ததால், குழந்தை வேண்டாம் என்று இருவரும் முடிவு செய்துகொண்டார்கள்.

முதுமையில் நோய் மறுபடியும் வந்தது. 1939-ல் பிராவிடன்ஸ் நகரில் உள்ள பட்லர் ஆஸ்பத்திரியில் சேர்ந்தார். 1943 ஜூலை 9-ந்தேதி அங்கேயே காலமானார். வயது 67. கடைசி ஆண்டுகளை மட்டும் பார்க்கிறவர்கள், நோய் ஜெயித்துவிட்டது என்று சொல்லக்கூடும். 1903-க்கும் 1939-க்கும் நடுவே 36 ஆண்டுகள் இருக்கின்றன.

பீர்ஸ் தொடங்கிய குழுவின் வழியில் வந்த சங்கம், 1950-களின் தொடக்கத்தில் நாட்டில் உள்ள மனநோய் ஆஸ்பத்திரிகளுக்கு எல்லாம் ஒரு வேண்டுகோள் விடுத்தது. நோயாளிகளைக் கட்டிவைத்த பழைய சங்கிலி, விலங்கு இருந்தால் அனுப்பிவையுங்கள் என்று கேட்டது. வந்து குவிந்த இரும்பை எல்லாம் 1953-ல் பால்டிமோர் நகரில் ஒரு வார்ப்படச் சாலையில் உருக்கினார்கள். 300 ராத்தல் எடையுள்ள ஒரு மணியாக வார்த்தார்கள்.